குஞ்சுப் பெட்டியும் 72 மணி நேரக் கணக்கும்

"72 மணி நேரம் தீனி தண்ணி இல்லாம தாங்கும் சார், பயப்படாதீங்க." பல்லடத்திலிருந்தோ நாமக்கல்லிலிருந்தோ கடலூருக்கும் புதுச்சேரிக்கும் கோழிக்குஞ்சு அனுப்புகிற யாரிடம் போனில் பேசினாலும் இது வந்துவிடும். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த 72 எந்த நிமிஷத்திலிருந்து ஓடுகிறது என்பதைத்தான் சொல்வதில்லை.

முட்டை பொரிவதற்குக் கொஞ்சம் முன்னால், மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைக் குஞ்சு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. கட்டுச்சோறு மாதிரி. அடைக்கோழிக்கு அடியில் 12 முட்டையும் ஒரே நேரத்தில் பொரியாது. முதல் குஞ்சு வந்த பிறகும் தாய் எழுந்திருக்காமல் மற்றதுக்காகக் காத்திருக்கும். அதுவரை முதல் குஞ்சு தாங்குவதற்குத்தான் அந்தச் சோறு. இந்த ஏற்பாட்டை நம்பித்தான் உலகம் முழுக்கக் குஞ்சைப் பெட்டியில் அடைத்து அனுப்புகிறார்கள். அமெரிக்காவில் 1918 முதல் தபாலிலேயே போகிறது.

இப்போது முட்டை பொரிக்கும் மெஷினுக்கு வருவோம். அங்கேயும் எல்லா முட்டையும் ஒரே நிமிஷத்தில் பொரிவதில்லை. முதல் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் 24 மணி நேரம் வித்தியாசம் வருவது சாதாரணம், சில பேட்ச்சில் 36 வரைக்கும் போகும். எல்லாம் காய்ந்து பஞ்சு மாதிரி ஆன பிறகுதான் தட்டை வெளியே எடுப்பார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். திங்கள் காலை 6 மணிக்குத் தட்டை எடுத்தார்கள். முதலில் பொரிந்த குஞ்சுக்கு அப்போதே 24 மணி நேரம் ஆகிவிட்டது. தரம் பிரித்து, மாரெக்ஸ் நோய்த் தடுப்பூசி போட்டு, எண்ணிப் பெட்டியில் அடைக்கக் காலை முழுக்கப் போய்விடும். பார்சல் ஏற்றுவது ராத்திரி 9 மணி பஸ்ஸில். அதற்குள் 39. விடியற்காலை 5 மணிக்குக் கடலூர், 47. ஆட்டோ பிடித்து நெல்லிக்குப்பம் பக்கம் போய்ப் பல்புக்குக் கீழே விடும்போது 49 மணி நேரம் ஆகியிருக்கும். இது எல்லாமே சரியாக நடந்தால். திங்கள் பஸ்ஸில் இடமில்லை என்று செவ்வாய்க்குத் தள்ளினால் 73. அந்த ஒரு ராத்திரி ஹேச்சரியில், அதாவது குஞ்சு பொரிக்கிற இடத்தில், பெட்டிக்குள்ளேயே இருந்தது என்று உங்களிடம் யாரும் சொல்லப்போவதில்லை. "நேத்து நைட்தான் சார் ஏத்தினோம்" என்பார்கள். அதுவும் உண்மைதான்.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி "எப்போ அனுப்புவீங்க?" இல்லை. "எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு மெஷினிலிருந்து எடுப்பீங்க, அன்னைக்கு ராத்திரியே ஏறுமா?" வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில்தான் ஒரு ஹேச்சரி குஞ்சு எடுக்கும். அந்த நாளை டக்கென்று சொல்கிறவர் மெஷின் வைத்திருக்கிறவர். "எப்ப வேணும்னாலும் இருக்கு" என்கிறவர் பெரும்பாலும் இடைத்தரகர், அவரிடம் உள்ள குஞ்சு ஏற்கனவே ஒரு பஸ் ஏறி இறங்கியதாக இருக்கலாம்.

72 என்பது உயிர் தாங்கும் எல்லை, அவ்வளவுதான். 48 தாண்டிய குஞ்சு உயிரோடு வரும், ஆனால் உடம்பில் நீர் வற்றி, முதல் வாரத்தில் தீனி பிடிக்காமல் பின்தங்கும். அதனால் மொத்தம் 48-ஐ ஒட்டியே தண்ணீர் கிடைக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். 2025-ல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஏறக்குறைய 12,000 குஞ்சுகள் தபால் லாரி ஒன்றிலேயே 3 நாள் கிடந்து, ஆயிரக்கணக்கில் செத்துப்போயின. நூறு வருஷப் பழக்கம் உள்ள ஏற்பாட்டிலேயே ஒரு வண்டி மறக்கப்பட்டால் இதுதான் நடக்கும். நம் ஊரில் பஸ் கிளீனர் போனை எடுக்கவில்லை என்றாலே போதும்.

அடுத்தது சூடு. நம் கடற்கரைப் பக்கம் குளிரைவிடச் சூட்டில் சாகும் குஞ்சுதான் அதிகம். வழக்கமான அட்டைப் பெட்டிக்குள் 4 அறை, அறைக்கு 25 என 100 குஞ்சு. கூட 2 குஞ்சு இலவசமாகப் போடுவது ஹேச்சரி வழக்கம். 100 குஞ்சின் உடம்புச் சூடு சேர்ந்து, பெட்டிக்குள் வெளியைவிட எப்போதும் சில டிகிரி கூடுதலாக இருக்கும். உள்ளே 32 டிகிரி என்றால் குஞ்சு சுகமாக இருக்கும். வெளியே 25 இருந்தால் அது நடக்கும். வெளியே 36 இருக்கும் மே மாத மதியத்தில் உள்ளே என்ன இருக்கும் என்று பாருங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தால் உடம்பில் உள்ள நீர் ஆவியாகிப் போகும். அதற்குப் பிறகு 72 மணி நேரக் கணக்கு செல்லாது.

விலங்குகளை ஏற்றிச் செல்வதற்கான 1978-ம் வருஷ மத்திய அரசு விதிகளில் 2001-ல் கோழிக்கென்று ஒரு பகுதி சேர்த்தார்கள். வெப்பம் 25 டிகிரிக்கு மேலேயோ 15 டிகிரிக்குக் கீழேயோ இருந்தால் கோழி ஏற்றக் கூடாது, வெயில், மழை, நேரடிக் காற்று படக் கூடாது என்கிறது அது. அந்த 25-ஐ அப்படியே எடுத்துக்கொண்டால் கடலூரில் மார்கழி, தை மாத ராத்திரிகளைத் தவிர மற்ற நாளில் ஒரு குஞ்சும் பஸ் ஏற முடியாது. விதியை எழுதியவர் நம் ஊர்ப் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது. ஆனால் அந்த எண் சொல்லும் சங்கதி சரியானது: ராத்திரி வண்டி மட்டும், அக்னி நட்சத்திரத்தில் வேண்டவே வேண்டாம்.

பெட்டியை எங்கே வைக்கிறார்கள் என்பதுதான் பாதிச் செய்தி. ஆம்னி பஸ்ஸின் ஏசி மேலே பயணிகளுக்கு. கீழே டிக்கியில் காற்றும் இல்லை, இன்ஜின் பக்கம் என்றால் தகடே சுடும். பக்கவாட்டு ஓட்டைகளை ஒட்டி வேறு மூட்டையை நெருக்கி வைத்தால் நடு அறையில் உள்ள குஞ்சுகள்தான் முதலில் மூச்சு முட்டிச் சாகும். ஒரு பெட்டியில் ஓரத்துக் குஞ்சு நன்றாக இருந்து, நடுப்பக்கத்தில் குவியலாகச் செத்திருந்தால் அது நோய் இல்லை, காற்று இல்லாமல் போனது. அரசு பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னாலோ கடைசி சீட்டுக்குக் கீழேயோ வைப்பது எவ்வளவோ மேல். கோடையில் அறைக்கு 20 மட்டும் போடச் சொல்லுங்கள். பெட்டிக் கூலி கொஞ்சம் கூடும், கூடட்டும்.

குறைவாக வாங்குகிறவர்களுக்கு நேர் எதிரான ஆபத்து. 15 குஞ்சை 100 குஞ்சுப் பெட்டியில் போட்டால் வளைவுக்கு வளைவு உருண்டு மோதும், ராத்திரி ஒட்டிக்கொள்ள ஆள் இல்லாமல் விறைக்கும். ஒரே அறையில் எல்லாவற்றையும் போடச் சொல்ல வேண்டும். அடியில் வழவழப்பான செய்தித்தாள் போட்டால் கால் வழுக்கி இரண்டு பக்கமும் விரிந்துவிடும். கால் விரிந்த குஞ்சு தண்ணீர்த் தட்டு வரை போகாது. வைக்கோலோ, தென்னை நாரோ, நெளி அட்டையோ அடியில் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அட்டை நனைந்தால் மேல்பெட்டி கீழ்ப்பெட்டியில் உட்கார்ந்துவிடும். அந்த இரண்டு மாதமும் பிளாஸ்டிக் பெட்டியில் அனுப்புகிறவரிடம் மட்டும் வாங்குங்கள்.

விடியற்காலை பஸ் ஸ்டாண்டில் பெட்டி இறங்கியதும் காது கொடுத்துக் கேளுங்கள். மெதுவாக, ஒரே சீராகக் கீச்சென்றால் நல்லது. கிறீச்சென்று உச்சத்தில் கத்தினால் குளிரோ பசியோ. சத்தமே இல்லை என்றால் அதுதான் மோசம், சூட்டில் சோர்ந்து கிடக்கின்றன. கையெழுத்துப் போடும் முன்னால், கட்டு அவிழ்ப்பதிலிருந்து நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். நடுவில் வெட்டிய வீடியோவுக்குப் பெரும்பாலான ஹேச்சரிக்காரர்கள் பதில் தரமாட்டார்கள். அவர்கள் இடத்தில் இருந்தால் நாமும் தரமாட்டோம்.

மூடியைத் திறந்தால் முதலில் ஒரு சூட்டுக் காற்று முகத்தில் அடிக்கும். ஈர வாடை இருந்தால் சூட்டில் தவித்திருக்கின்றன. நாலு அறையிலிருந்தும் இரண்டிரண்டு குஞ்சு எடுத்து, பாதத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் குளிர் பிடித்த குஞ்சு. கால் தோல் பளபளவென்று தளதளப்பாக இருக்க வேண்டும், சுருங்கி நரம்பு தெரிந்தால் நீர் வற்றியது. சிறகைப் பிரித்துப் பாருங்கள்: நீளமாக இறகுக் குச்சி முளைத்திருந்தால் பொரிந்து ஒரு நாள் என்பதை நம்பாதீர்கள். தொப்புள் மூடிக் காய்ந்திருக்க வேண்டும். கறுப்புப் பொட்டு போல் மேடாகவோ, ஈரமாகவோ, வயிறு கொழகொழவென்று உப்பியோ இருக்கும் குஞ்சு அந்த வாரம் தாண்டாது. அதுபோல் நூறில் ஐந்தாறு இருந்தால் அங்கேயே வீடியோவில் காட்டிச் சொல்லிவிடுங்கள். அப்புறம் சொன்னால் "உங்க பராமரிப்பு சார்" என்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் தண்ணீர், தீனி அப்புறம். கொதிக்க வைத்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரில் லிட்டருக்கு 50 கிராம் வெல்லம், கிடைத்தால் எலக்ட்ரோலைட் பொடி பாக்கெட்டில் சொன்ன அளவு. வெல்லம் கூடினால் கழிச்சல் வரும், தட்டு பிசுபிசுக்கும். ஒவ்வொரு குஞ்சாக எடுத்து மூக்கு நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டுவிட வேண்டும். 100 குஞ்சுக்கு அரை மணி நேர வேலை. சலிப்பாக இருக்கும், ஆனால் இதைத் தவிர்த்ததன் விலை நாலாம் நாள் தெரியும். தட்டில் கூழாங்கல் போட்டால் மூழ்காது. இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மக்காச்சோள ரவையோ நொய்யோ தாளில் தூவலாம், சாயங்காலத்திலிருந்து குஞ்சுத் தீனி. வெல்லத் தண்ணீர் முதல் எட்டு மணி நேரத்துக்குத்தான், பிறகு வெறும் தண்ணீர்.

குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் புரூடரில் நடக்கும் தவறு இப்போதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: எல்இடி பல்பு. வெளிச்சம் வருகிறது, சூடு வருவதில்லை. குஞ்சுக்கு 2 வாட் என்பது பழைய குண்டு பல்புக்குச் சொன்ன கணக்கு. 100 குஞ்சுக்கு 100 வாட் குண்டு பல்பு இரண்டு, ஒன்றரை அடி உயரத் தகட்டை 5 அடி வட்டமாக வளைத்து நடுவில் தொங்கவிட வேண்டும். முதல் வாரம் குஞ்சின் முதுகு உயரத்தில் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். சித்திரை மதியத்தில் நம் ஊர்க் கொட்டகையிலேயே 36 இருக்கும், அப்போது பல்பை அணைத்துவிட வேண்டும். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சைப் பாருங்கள்: பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர், தகடு ஓரம் ஒதுங்கினால் சூடு, ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப் பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது.

கரண்டை மட்டும் நம்பாதீர்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வந்தபோது நம் மாவட்டத்தில் பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது, அடுத்து தென்பெண்ணை வெள்ளம். கார்த்திகையில் குஞ்சு இறக்குகிறவர் ஓட்டை போட்ட மண்பானையில் கரி கங்கு வைக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். புகை போக மேலே திறப்பும் வேண்டும்.

அடியில் 2 அங்குலம் உமி. பண்ருட்டிப் பக்கம் வேர்க்கடலைத் தோல் சும்மாவே கிடைக்கிறது என்று போடுகிறார்கள். காய்ந்த புதுத் தோல் பரவாயில்லை. மூட்டையில் கிடந்து ஈரம் ஏறியதில் பூஞ்சை இருக்கும், அதை மூச்சில் இழுத்த குஞ்சு வாயைப் பிளந்து சத்தமில்லாமல் இழுத்து இழுத்துச் சாகும். நுரையீரலில் ஜவ்வரிசி போல் மஞ்சள் மணிகள் தெரியும். மருந்து வேலை செய்யாது. மரத்தூள் முதல் வாரம் கூடாது, தீனி என்று நினைத்துத் தின்றுவிடும்.

இனி சண்டை வரும் இடம். குஞ்சு செத்தால் யார் தப்பு? இது பெரும்பாலும் எந்த நாளில் சாகிறது என்பதிலும், அறுத்துப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்பதிலும் தெரிந்துவிடும். வந்த அன்றும் மறுநாளும் செத்தால் பயணம். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை சாவதில்தான் குழப்பம், அந்த நாட்களில் இரண்டு வேறு காரணம் ஒரே மாதிரி வெளியே தெரியும். வயிற்றை நீளவாக்கில் கீறிப் பாருங்கள். மஞ்சள் கருப் பை கரையாமல் பெரிதாக, பழுப்போ பச்சையோ கலந்து, நாற்றத்தோடு இருந்தால் தொப்புள் வழியே கிருமி ஏறியது. அது ஹேச்சரியின் அழுக்கு முட்டை, அழுக்கு மெஷின். மஞ்சள் கரு முழுக்கக் கரைந்து, இரைப்பை காலியாக, பித்தப்பை மட்டும் பச்சையாக உப்பியிருந்தால், அந்தக் குஞ்சு ஒரு வாய்கூடத் தின்னவில்லை. கட்டுச்சோறு தீர்ந்ததும் செத்தது. அது பெரும்பாலும் நம் தப்பு: தட்டு தூரம், வெளிச்சம் போதவில்லை, அல்லது வரும்போதே கால் நிற்காத குஞ்சு. சிறுநீரகத்தில் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளையாக இருந்தால் நீர் வற்றல், அதாவது பயணமும் முதல் நாள் தண்ணீரும். முதல் நாள் ராத்திரி டார்ச் அடித்துக் கழுத்துக்குக் கீழே தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். நூறில் 95-க்கு மேல் மெத்தென்று நிறைந்திருக்க வேண்டும். காலியானவற்றைத் தனியே பிரித்து மறுபடி மூக்கைத் தொட்டுவிடுங்கள்.

மருத்துவரிடம் கொண்டுபோவதாக இருந்தால், செத்த குஞ்சை ஐஸ் நடுவில் வைத்து அன்றே கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் உறையவிட்டால் உள்ளே எதுவும் சரியாகப் பார்க்க முடியாது. புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கடலூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் உண்டு.

பின்பக்கம் எச்சம் ஒட்டி அடைத்துக்கொள்வது பயணக் குஞ்சுக்கு வழக்கம். பிய்த்து இழுக்கக் கூடாது. வெந்நீரில் நனைத்த பஞ்சை வைத்து ஊறவிட்டுத் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். தொப்புளைப் பின்பக்கம் என்று நினைத்துப் பிய்த்துக் கொன்றவர்கள் உண்டு. பிள்ளைகள் குஞ்சைக் கன்னத்தில் வைத்துக் கொஞ்சினால் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவச் சொல்லுங்கள். பார்க்க நன்றாக இருக்கும் குஞ்சிலும் சால்மோனெல்லா இருக்கும்.

ஏமாற்று இரண்டு வகை. ஒன்று இனம். "நாட்டுக்கோழிக் குஞ்சு, ரொம்ப மலிவு" என்று வருவதில் பல லேயர், அதாவது முட்டைக்கோழி, ஹேச்சரி கழித்துப்போடும் சேவல் குஞ்சு. பழுப்பு முட்டை லேயரில் பொரிந்த உடனே நிறத்தைப் பார்த்தே பிரித்துவிடலாம், பெட்டை செம்பழுப்பு, சேவல் வெளிர் மஞ்சள். அந்த மஞ்சளுக்குத்தான் சாயம் ஏற்றித் திருவிழாவில் விற்கிறார்கள். சிறுவிடை, பெருவிடை என்று நாட்டு இனம் சொல்லி வாங்கிய பெட்டியில் எல்லாமே ஒரே வெளிர் மஞ்சளாக இருந்தால் யோசியுங்கள். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா கடக்நாத் கருங்கோழி 2018-ல் புவிசார் குறியீடு வாங்கியதிலிருந்து கருங்கோழி மோகம் கூடிவிட்டது. கலப்புக் குஞ்சும் கறுப்பாகத்தான் வரும், அதனால் முதுகைப் பார்த்துப் பயனில்லை, வாய்க்குள்ளும் உள்ளங்காலும் கறுப்பா என்று பாருங்கள். கறுப்பு முட்டை படம் போட்டு விற்கிறவரிடம் பேச்சே வேண்டாம். கருங்கோழி முட்டை வெளிர் நிறம்தான்.

இன்னொன்று பணம். பாதி முன்பணம் போட்டதும் "பெட்டி டெபாசிட்", "வழி இன்சூரன்ஸ்", "ஆர்டிஓ பாஸ்" என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் அங்கே குஞ்சே கிடையாது. வீடியோ காலில் மெஷின் அறையைக் காட்டச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் அந்த மணி நேரத்திலேயே சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கு அழைத்தால்தான் கணக்கை முடக்க வாய்ப்பு.

விலையை ஏழாம் நாள் போட்டுப் பாருங்கள். குஞ்சு 45 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 100-க்கு 4,500. பஸ் கூலி 400, ஆட்டோ 150. மொத்தம் 5,050. ஏழாம் நாள் 80 நின்றால் ஒன்று 63 ரூபாய். பிறகு ஐந்து முதல் ஏழு நாளுக்குள் வெள்ளைக்கழிச்சலுக்கு எஃப்1 சொட்டு, 14-ம் நாள் கம்போரோ நோய்த் தடுப்பு மருந்து, நாலாவது வாரம் வெள்ளைக்கழிச்சலுக்கே லசோட்டா, எட்டாவது வாரம் அதற்கே ஊசி. மாரெக்ஸ் மட்டும்தான் ஹேச்சரி வேலை, "எல்லா ஊசியும் போட்டாச்சு" என்றால் சிரித்துவிட்டு வையுங்கள். இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்றால், ஊசி முடிந்த ஒரு மாதக் குஞ்சைப் பக்கத்துப் பண்ணையில் நேரில் பார்த்து வாங்குவது 20, 30 வேண்டியவர்களுக்குப் பெரும்பாலும் மலிவு. 200-க்கு மேல் என்றால் நாலு பேர் சேர்ந்து வண்டி வைத்து ராத்திரியில் போய் எடுத்து வரலாம்.

வீட்டில் அடைக்கோழி ஒன்று படுத்திருந்தால் பல்பே வேண்டாம். பார்சல் குஞ்சில் 10, 12-ஐ நன்றாகத் தண்ணீர் காட்டிவிட்டு, இருட்டிய பிறகு, வெளிச்சம் போடாமல் ஒவ்வொன்றாக அதன் வயிற்றுக்கு அடியில் நுழைத்து, அடை வைத்த முட்டையை எடுத்துவிடுங்கள். இரண்டு வாரமாவது அடையில் இருந்த கோழிதான் ஏற்கும், நேற்று படுத்தது ஏற்காது. பேனும் தெள்ளும் இல்லாத கோழியா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் பக்கத்தில் நின்று பாருங்கள். நொய்யைக் கொத்திக் கொத்திப் போட்டுக் கூப்பிட்டால் ஏற்றுக்கொண்டது. தலையில் கொத்தினால் உடனே எடுத்துப் பல்புக்குக் கீழே விட்டுவிடுங்கள், இரண்டாவது தடவை முயல வேண்டாம்.